முகலாய நுண்ணோவியங்களில் சூஃபி ஞானியர்: அரசருக்கான முகமா, முரீதுக்கான முகமா?

தூரிகை (இழையைத் தொடங்கியவர்)

முகலாய நுண்ணோவியம் என்றதும் தர்பார், வேட்டை, யானைச் சண்டை என்று பேச்சு போய்விடுகிறது. அதே பட்டறைகளில், அதே ஓவியர்கள், இன்னும் கூடுதலான பொறுமையோடு வரைந்த சூஃபி ஞானியரின் உருவப்படங்களைப் பற்றித் தனியாக ஓர் இழை வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். நான் இங்கே பேச விரும்புவது முக்கியமாக ஜஹாங்கீர், ஷாஜஹான் ஆகிய இருவரின் காலத்தைப் பற்றி, அதாவது 1605 முதல் 1658 வரையிலான அரை நூற்றாண்டைப் பற்றி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்கள் எல்லாம் அரசரின் பக்தியை விளம்பரப்படுத்த எழுந்தவை என்னும் விளக்கம் கலை வரலாற்று நூல்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஜஹாங்கீர் காலத்துப் படங்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் 1630களிலும் 1640களிலும் லாகூரின் மியான் மீரையும் அவருடைய சீடர் முல்லா ஷா பதக்‌ஷியையும் வரைந்த படங்களுக்கு அது போதாது. அந்தப் படங்கள் ஷைகின், அதாவது சூஃபி குருவின், முகத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு தியானிக்க விரும்பிய முரீதுகளுக்காக, அதாவது அவருடைய சீடர்களுக்காக, எழுந்தவை. அந்த முரீதுகள் இளவரசரும் இளவரசியுமாக இருந்தார்கள் என்பதனாலேயே அவற்றை வெறும் அரசியலாகக் கொள்வது சரியாகாது.

மியான் மீர் காதிரிய்யா தரீக்கா என்னும் சூஃபி நெறிமரபைச் சேர்ந்தவர். 1635-இல் லாகூரில் மறைந்தார். அரசர்களை அவர் தேடிப்போனவர் அல்லர். ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் அவரைச் சந்தித்ததைப் பற்றி எழுதும்போது, காணிக்கையாகப் பணம் கொடுக்க நினைத்ததாகவும், அவருடைய உள்ளம் அதற்கெல்லாம் மேலானது என்று உணர்ந்து, தொழுகை விரிப்பாகப் பயன்படும்படி வெள்ளை மான்தோல் ஒன்றை மட்டும் அளித்ததாகவும் சொல்கிறார். ஷாஜஹானின் மூத்த மகன் தாரா ஷுக்கோ, மியான் மீரையும் அவருடைய சீடர்களையும் பற்றி 'சகீனத்துல் அவ்லியா' என்னும் நூலையே எழுதினார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் கலைக்கூடத்தில், தாரா ஷுக்கோ இந்த இரு ஞானியருடன் இருக்கும் ஓவியம் ஒன்று உள்ளது. அது ஏறத்தாழ 1635-ஐச் சேர்ந்தது. அந்தப் படத்தை வைத்தே இந்த விவாதத்தைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

கரையோரம்

நல்ல பொருள். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். உருவம் வரைவோர் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்குமாறு பணிக்கப்படுவார்கள், அவர்களால் இயலாது என்னும் பொருளில் ஹதீஸ் இருக்கிறது. அப்படியிருக்க, மார்க்கப் பேணுதலுக்குப் பெயர்போன ஷைகுகளின் முகத்தையே வரைந்து வைப்பதை அக்காலத்து முஸ்லிம்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

தூரிகை

கரையோரம் ஐயா, எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே நேரான பதில். அக்பரின் அவையிலேயே ஓவியத்தை வெறுத்தவர்கள் இருந்தார்கள். அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் 'ஆயினி அக்பரி'யில் இதைப் பற்றி அக்பர் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். ஓவியன் உயிருள்ள ஒன்றை வரையும்போது, ஒவ்வோர் உறுப்பாகத் தீட்டிக்கொண்டே வந்து, கடைசியில் அதற்கு உயிரைத் தன்னால் தர இயலாது என்பதை உணர்கிறான், ஆகவே உயிரைத் தருகிறவனை நினைக்க வேண்டியவனாகிறான், எனவே இறைவனை அறிவதற்கு ஓவியனுக்குத் தனியான ஒரு வழி இருக்கிறது என்பது அதன் சாரம். நீங்கள் குறிப்பிட்ட ஹதீஸின் வாதத்தையே எடுத்துக்கொண்டு அதை ஓவியனின் பக்கம் திருப்பியிருக்கிறார் அக்பர் என்பதைக் கவனியுங்கள். உயிர் கொடுக்க இயலாமை அங்கே குற்றத்துக்குரிய தண்டனை, இங்கே ஞானத்துக்குரிய வாசல்.

இன்னொன்று, படம் இருந்த இடம். இவை பள்ளிவாசல் சுவரிலோ தர்காவின் கப்ருக்கு (அடக்கத்தலத்துக்கு) அருகிலோ மாட்டப்பட்டவை அல்ல. முரக்கா எனப்படும் தொகுப்பேடுகளில் ஒரு பக்கம் ஓவியமும் மறுபக்கம் நஸ்தலீக் எழுத்துக்கலையுமாக ஒட்டப்பட்டு, மூடிவைக்கப்பட்டு, வேண்டும்போது மடியில் வைத்துத் திறந்து பார்க்கப்பட்டவை. பொது வழிபாட்டுக்குரிய உருவம் வேறு, தனியறையில் ஒருவர் மட்டும் பார்க்கும் தாள் வேறு என்பதை அக்காலத்தவர் நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

நிலவன்

தூரிகை அவர்களே, உங்கள் முதல் பதிவில் ஜஹாங்கீர் காலத்துப் படங்களை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு வசதியான 1640களுக்குப் போய்விட்டீர்கள். நான் ஜஹாங்கீரிடமே நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த வகையின் மிகச் சிறந்த படம் அவருடைய காலத்தில்தான் எழுந்தது.

பிசித்தர் வரைந்த, ஏறத்தாழ 1615-க்கும் 1618-க்கும் இடைப்பட்ட, வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள படத்தைச் சொல்கிறேன். மாபெரும் மணற்கடிகாரம் ஒன்றையே அரியணையாக்கி அதன்மேல் ஜஹாங்கீர் அமர்ந்திருக்கிறார். சூரியனும் பிறையும் சேர்ந்த பொன்வட்டம் அவருடைய தலைக்குப் பின்னால் எரிகிறது. இடப்பக்கம் நான்கு பேர் மேலிருந்து கீழாக நிற்கிறார்கள். முதலில் வெண்தாடி ஷைகு, அவர் கீழே உதுமானிய சுல்தான், அவர் கீழே இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ், கடைசி மூலையில் ஓவியர் பிசித்தரே. பேரரசர் மற்ற இரு மன்னர்களையும் பாராமல் ஷைகுக்கு ஒரு நூலை அளிக்கிறார். வெளித்தோற்றத்தில் மன்னர்கள் அவர் முன் நின்றாலும் அவருடைய பார்வை என்றும் தர்வேசுகளின், அதாவது உலகைத் துறந்த சூஃபிகளின், மேலேயே இருக்கிறது என்னும் பொருளுள்ள பாரசீக வரிகள் படத்தை ஒட்டி எழுதப்பட்டுள்ளன.

இதில் ஷைகு யார்? அஜ்மீர் தர்காவின் பொறுப்பாளராக இருந்த ஷைகு ஹுசைன் என்று வழக்கமாக அடையாளம் காட்டுகிறார்கள். ஜஹாங்கீர் 1613 முதல் 1616 வரை அஜ்மீரில் தங்கியிருந்தார். தர்காவின் பொறுப்பு அரச ஆதரவில் இருந்தது. ஆக, அரசரின் ஆதரவில் உள்ள ஒருவர், அரசரின் ஓவியரால், அரசரின் பெருமையைக் காட்டும் படத்தில், ஒரு துணைப் பாத்திரமாக வரையப்பட்டிருக்கிறார். மன்னர்களைத் தன் காலடியில் நிறுத்தும் படத்துக்குப் பணிவின் போர்வை தேவைப்பட்டது, அந்தப் போர்வைதான் ஷைகு. இதற்கு மேல் இதில் பக்தியைத் தேட வேண்டுமா?

டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ள மின்டோ தொகுப்பின் இணைப்படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவையும் பிசித்தரின் கைவண்ணமே. அஜ்மீர் தர்காவில் அடங்கியிருக்கும் ஞானி க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தி உலக உருண்டையைக் கையில் ஏந்தி நிற்கிறார், அதன்மேல் மணிமுடி இருக்கிறது. இணைப்படத்தில் ஜஹாங்கீரும் உருண்டையை ஏந்தி நிற்கிறார். இரு உலகையும் வெல்லும் திறவுகோல் உன் கையில் ஒப்படைக்கப்பட்டது என்னும் வரியும் அங்கே உண்டு. க்வாஜா மறைந்தது 1236-இல். படம் எழுந்தது ஏறத்தாழ 1620-இல். கிட்டத்தட்ட நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், பார்த்தறியாத ஒரு முகத்தைக் கற்பனையில் சமைத்து, அவர் கையால் ஆட்சியைத் தமக்குக் கொடுக்கச் செய்திருக்கிறார் பேரரசர்.

தூரிகை

மின்டோ இணைப்படங்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, அது ஆட்சி உரிமையைப் பற்றிய படமே. ஆனால் மணற்கடிகாரப் படத்தை இவ்வளவு விரைவாக மூடிவிடக் கூடாது.

ஷைகின் கைகளைப் பாருங்கள். பேரரசர் நீட்டும் நூலை அவர் வெறுங்கையால் தொட்டு வாங்கவில்லை. தம் மேலாடையை ஏந்தி அதன்மேல் வாங்குகிறார். பேரரசரின் கையும் ஞானியின் கையும் அந்தப் படத்தில் தொட்டுக்கொள்வதேயில்லை. கீழே ஓவியர் பிசித்தர் தாம் வாங்கிய பரிசுகளைக் காட்டும் சிறு படத்தை இரு கையாலும் பிடித்திருக்கிறார். அதில் ஒரு யானையும் இரண்டு குதிரைகளும் உள்ளன, குனிந்து வணங்கும் ஒரு மனிதரும் இருக்கிறார். கொடை பெற்றவன் எப்படி இருப்பான் என்பதை அதே இடப்பக்க வரிசையின் அடியில் வரைந்துகாட்டிவிட்டு, அதன் உச்சியில் நூலை மட்டும், அதுவும் துணியின்மேல் வாங்கும் ஒருவரை வைத்திருக்கிறார் ஓவியர். இந்த வேறுபாடு தற்செயலாக அமைந்ததென்று என்னால் எண்ண முடியவில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். மணல் பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டது. அரசே, உன் ஆட்சி ஆயிரம் ஆண்டு நிலைக்கட்டும் என்று சிறகுள்ள குழந்தைகள் அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், மணலோ இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலே பறக்கும் குழந்தைகளில் ஒன்று முகத்தைக் கைகளால் மூடிக்கொள்கிறது. இன்னொன்றின் கையில் அம்பு முறிந்திருக்கிறது. பெருமைப்பாட்டு மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், அரியணையாகக் கடிகாரத்தை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? தன் காலம் தீர்கிறது என்பதை அறிந்த ஒருவர் மன்னர்களை விட்டு ஷைகை நோக்கித் திரும்புகிறார் என்று இந்தப் படத்தைப் படிப்பதற்கு இடமிருக்கிறது, அதை ஓவியரே வைத்திருக்கிறார்.

சிவப்புக்கோடு

ஒரு சிறு குறிப்பு. இந்தப் படத்தைச் சுற்றியுள்ள பூவேலை ஓரத்தை வைத்து யாரும் வாதம் எழுப்ப வேண்டாம். படம் பிற்காலத்தில் ஈரானுக்குப் போய், அங்கே 18-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தொகுப்பு எனப்படும் ஏட்டில் சேர்ந்தது. ஓரம் அப்போது இட்டதே. பிசித்தர் பார்த்திராத பூக்கள் அவை.

மாடத்துவாசி

இழையை முழுவதும் படித்தேன். தூரிகை முதல் பதிவில் இளவரசி என்று ஒரு சொல்லில் குறிப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். உண்மையில் இந்த விவாதத்தின் சாவியே அந்த இளவரசியிடம்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஷாஜஹானின் மகள் ஜஹானாராவைச் சொல்கிறேன்.

ஜஹானாரா சூஃபி நெறியில் இரண்டு நூல்கள் எழுதியவர். 'மூனிஸுல் அர்வாஹ்' க்வாஜா முயீனுத்தீனைப் பற்றியது. 'ரிஸாலா ஸாஹிபிய்யா' அவருடைய ஷைகான முல்லா ஷாவைப் பற்றியது, தம் ஆன்மிகப் பயணத்தையும் அதில் அவரே எழுதியிருக்கிறார். 1640-ஐ ஒட்டிக் காஷ்மீரில், தம்பி தாராவின் வழியாக முல்லா ஷாவுடன் தொடர்பு ஏற்பட்டு அவரிடம் முரீதானார். தாராவின் ஓவியர்களுள் ஒருவர் வரைந்த முல்லா ஷாவின் படம் தம்மிடம் இருந்ததையும், அதை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்ததையும் அந்த நூலில் அவர் சொல்கிறார்.

இதன் பொருளை உணர வேண்டுமானால் அவருடைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். தாரா விரும்பியபோது ஷைகின் முன்னால் போய் அமர முடியும், பேச முடியும், கேள்வி கேட்க முடியும். பேரரசின் முதல் பெண்மணியாக இருந்தும் ஜஹானாராவால் அது முடியாது. கோஷாவுக்குள், அதாவது திரைமறைவில், இருந்த ஒரு பெண்ணுக்கு ஷைகின் சபையில் கிடைக்க வேண்டிய நேர்முகத்தை ஒரு தாள் கொடுத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் காதிரிய்யா தரீக்காவில் பைஅத் (சீடராகும் உறுதிமொழி) பெற்றவர்கள் பலர் உண்டு. திக்ரின்போது, அதாவது இறைநாமத்தை ஓதி நினைக்கும்போது, ஷைகின் உருவத்தை மனக்கண்ணில் இருத்திக்கொள்வதைப் பற்றி, அதாவது தஸவ்வுரே ஷைகு என்பதைப் பற்றி, சிறுவயதிலிருந்தே பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அதை ஏற்காத ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவின் சீர்திருத்தவாதிகள் அதைக் கடுமையாகக் கண்டித்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் உள்ளவருக்கு, ஷைகின் முகம் அலங்காரப் பொருள் அன்று. நேரில் காணாதவர் எந்த முகத்தை மனத்தில் இருத்துவார்? அந்தக் கேள்விக்கு ஜஹானாராவின் கையில் இருந்த படம் விடையாக நின்றது.

நிலவன் ஐயா இந்தச் சான்றை எந்தக் கணக்கில் வைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

நிலவன்

மதிப்புக்குரிய சகோதரி, இந்தச் சான்று வலுவானது. படம் ஒன்று தியானத்துக்குப் பயன்பட்டது என்பதை அதைப் பயன்படுத்தியவரே சொல்லியிருக்கும்போது நான் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் ஒரு படத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதும், படங்கள் எதற்காக எழுந்தன என்பதும் தனித்தனிக் கேள்விகள். தாராவும் ஔரங்கசீப்பும் ஆட்சிக்குப் போட்டியிட்ட காலம் அது. தன்னை இறையறிவு பெற்ற இளவரசனாகக் காட்டிக்கொள்வதில் தாராவுக்கு நலன் இருந்தது. முல்லா ஷாவுடன் தாராவை வரைந்த ஒவ்வொரு தாளும் அந்த நலனுக்கும் உதவியது.

சிவப்புக்கோடு

நான் ஜெய்ப்பூரில் ஓர் ஆசிரியரிடம் இந்த ஓவியமுறையைக் கற்றவன். ஆகவே நோக்கம் யாருடையது என்ற வாதத்துக்குள் போகாமல், தாளின் மேல் கை எங்கே அதிக நேரம் செலவிட்டிருக்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

இந்தப் படங்களுக்கு அடித்தளம் வஸ்லி. பல தாள்களை மாவுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, காயவைத்து ஆக்குவது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பிறகு அகீக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கோட்டை இட்டு, மெல்லிய வெண்பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்ணத்தைப் பல மெல்லிய படலங்களாக ஏற்றி, இடையிடையே தாளைக் குப்புறப் போட்டுப் பின்புறத்திலிருந்து மெருகிட வேண்டும். சாதிலிங்கச் சிவப்பும் அரிதார மஞ்சளும் வேலம்பிசினில் குழைத்து வைக்கப்பட்டவை. தூரிகை அணில் வால் மயிரால் ஆனது.

அரசரின் படத்தில் வேலை எல்லா இடத்திலும் பரவியிருக்கும். முத்து ஒவ்வொன்றும் கெட்டியான வெள்ளைப் புள்ளியாகத் தாளிலிருந்து புடைத்து நிற்கும், பட்டின் சரிகைக்குப் பொன்னை அரைத்துப் பூசி மெருகிட்டிருப்பார்கள். ஞானியின் படத்தில் ஓவியர்கள் பெரும்பாலும் நீம் கலம் என்னும் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் முழு வண்ணப்பூச்சு இல்லை. கருமைக் கோடும், நீர்த்த பழுப்பும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறிது வண்ணமும் மட்டுமே. போர்வையின் மடிப்பை இரண்டு மூன்று வெளிறிய கோடுகள் காட்டிவிடும், மீதி வெறும் தாள்.

ஆனால் முகத்துக்கு வந்ததும் கதை மாறுகிறது. பர்தாஸ் என்னும் நுண்புள்ளி வேலையால், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத புள்ளிகளை அடுக்கி அடுக்கிக் கன்னத்தின் பள்ளத்தையும் கண்ணுக்குக் கீழே உள்ள தளர்ச்சியையும் எழுப்புகிறார்கள். தாடியை வெள்ளையால் பூசி நிரப்புவதில்லை. முதலில் மெல்லிய சாம்பல் நீர்ப்பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் தனித்தனி வெண்மயிர்கள், கடைசியாக நடுநடுவே சில கருமயிர்கள். கன்னத்தில் தாடி தொடங்கும் எல்லையில் மயிர்கள் அருகி, தோல் தெரியும்படி விட வேண்டும். அந்த எல்லை சரியாக வராவிட்டால் ஒட்டுத்தாடி போல் ஆகிவிடும். அக்பர் காலத்துப் பட்டறைகளில் அமைப்பை ஒருவர் வகுக்க, வண்ணத்தை இன்னொருவர் ஏற்ற, முகத்தை மட்டும் அதில் தேர்ந்த ஒருவர் எழுதும் வழக்கம் இருந்தது. முகத்துக்கு அவ்வளவு தனி மதிப்பு.

கோவர்தன் வரைந்த துறவியர் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சாம்பல் பூசிய உடலும், சடையும், வற்றிய மார்பும் ஏறத்தாழ ஒரே நிறத்துக்குள் அடங்கியிருக்கும், ஆனால் ஒவ்வொருவரின் பார்வையும் தனியாக இருக்கும். அரசர்களை வரையும்போது ஓவியர்கள் கண்டிப்பான பக்கவாட்டு முகத்துக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். துறவியரையும் தர்வேசுகளையும் வரையும்போது பெரும்பாலும் முக்கால் முகமாகத் திருப்பிக் காட்டும் உரிமையை எடுத்துக்கொண்டார்கள். வரைகிறவனுக்கு அந்தத் திருப்பம் பெரிய விடுதலை. இரண்டு கண்ணும் தெரியும் முகத்தைத்தான் பார்ப்பவர் எதிர்கொள்ள முடியும்.

தூரிகை

சிவப்புக்கோடு எழுதியதை இரண்டு முறை படித்தேன். பார்ப்பவர் எதிர்கொள்ளும் முகம் என்பதுதான் மாடத்துவாசி சொன்ன தியானப் பழக்கத்துக்குத் தேவையானதும். நாணயத்தில் பொறித்த தலைபோன்ற பக்கவாட்டு முகம் ஆட்சியை அறிவிக்கும், ஆனால் அதனோடு முகம்கொடுத்து அமர்ந்திருக்க முடியாது.

கரையோரம்

இந்த வகை முகலாயர்களிடம்தான் தொடங்கியதா? அதற்கு முன் பாரசீகத்தில் எப்படி இருந்தது?

தூரிகை

முன்பே உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹிராத் நகரில் பிஹ்ஸாதும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் தர்வேசுகளை நிறைய வரைந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, பிஹ்ஸாதின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் சுழன்றாடும் தர்வேசுகளின் படம் புகழ்பெற்றது. தலைப்பாகை அவிழ்ந்து விழ, நிலை தடுமாறியவர்களைத் தோழர்கள் தாங்கிப் பிடிக்கும் காட்சி. பிற்பாடு இஸ்ஃபஹானில் ரிஸா அப்பாஸி தனி மனிதர்களாகத் தர்வேசுகளை ஒற்றைத் தாள்களில் வரைந்தார். ஆனால் இவற்றில் பெரும்பாலும் தர்வேசு என்னும் வகைதான் இருக்கிறது, இன்னார் என்னும் ஆள் இல்லை. பெயர் சொல்லி, அந்த ஒருவரின் முகமாகவே அடையாளம் காணும்படி வரையும் வேட்கை முகலாய அவையில் வளர்ந்தது. தம் பிரமுகர்கள் அனைவரின் உருவத்தையும் வரையச் செய்து பெரிய தொகுப்பு ஒன்றை உருவாக்கினார் அக்பர். மறைந்தவர்களுக்கு அது புதுவாழ்வு தந்தது, இருப்பவர்களுக்கு நிலைபேற்றை உறுதி செய்தது என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். ஐரோப்பிய அச்சுப்படங்களின் வரவும் அதற்குத் துணை செய்தது.

ஏடுபுரட்டி

லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படத்தை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ 1650-55-இல் எழுந்தது. மேலே சிஷ்தி தரீக்காவின் ஷைகுகள் சூழ்ந்திருக்க, அஜ்மீர் தர்காவில் தர்வேசுகள் பரவசத்தில் ஆடுகிறார்கள். கீழ் வரிசையில் ரவிதாஸ், நாம்தேவ், கபீர், கோரக்நாத், ஜஹாங்கீர் காலத்து ஜத்ரூப் முதலிய இந்து ஞானியர் அமர்ந்திருக்கிறார்கள், பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கத் துணிந்த தாராவின் மனப்போக்கு அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அதில் உள்ள கபீரும் நாம்தேவும் உண்மையான உருவப்படங்களா?

நிலவன்

இருக்க முடியாது. நாம்தேவுக்கும் அந்த ஓவியருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் உள்ளன. ஜத்ரூப் மட்டும் வேறு. அவரை ஜஹாங்கீர் 1617-இல் உஜ்ஜயினியில் அவருடைய குகைக்கே போய்ச் சந்தித்தார், ஓவியர்கள் அந்தச் சந்திப்பை வரைந்தும் இருக்கிறார்கள். ஆகவே அந்த ஒரே வரிசையில் பார்த்தறிந்த முகமும் கேட்டறிந்த முகமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கின்றன.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் சூஃபி ஞானியரின் கற்பனைச் சபைப் படங்கள் ஏராளமாக வரையப்பட்டன. நடுவில் அப்துல் காதிர் ஜீலானி, சுற்றிலும் முயீனுத்தீன் சிஷ்தி, குத்புத்தீன் பக்தியார் காக்கி, பாபா ஃபரீத், நிஜாமுத்தீன் அவ்லியா என்று, வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்கள் ஒரே விரிப்பில் அமர்ந்திருப்பார்கள். பெயரை அழித்துவிட்டால் யார் யாரென்று சொல்ல முடியாது. தாரா ஷுக்கோவுடன் ஞானக் கவிஞர் சர்மத் இருக்கும் படங்களிலும் பிற்காலக் கற்பனைகள் பல. இணையத்தில் இவை எல்லாவற்றுக்கும் முகலாய அரசவை ஓவியம் என்றே தலைப்பிட்டுச் சுற்றவிடுகிறார்கள். தாளின்மேல் பிற்காலத்தவர் எழுதிய பெயரை நம்பி ஒரு முகத்தை அடையாளம் காண்பது எத்தனையோ முறை தவறான வழிக்குக் கொண்டுபோயிருக்கிறது.

மாடத்துவாசி

அந்தச் சபைப் படங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு முரீதின் ஸில்ஸிலா, அதாவது ஷைகுகளின் தொடர், அவருக்குக் காலவரிசையாக மட்டும் இருப்பதில்லை. ஃபாத்திஹா ஓதும்போது அத்தனை பேரின் பெயரையும் ஒரே அமர்வில் சொல்லி அழைக்கிறோம். அந்த அமர்வை வரைந்தால் அது அப்படித்தான் ஒரே விரிப்பாக இருக்கும். முக ஒப்புமையை எதிர்பார்த்து அந்தப் படங்களுக்குள் போவதுதான் பொருந்தாது.

நிலவன்

ஏற்கத்தக்க விளக்கம். இருந்தாலும் என் அடிப்படைக் கேள்வி ஒன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை. மியான் மீரும் முல்லா ஷாவும் தங்களை வரைய இசைந்தார்களா? இசைவு இல்லாமல் வரைந்திருந்தால், உலகைத் துறந்த ஒருவரின் முகத்தை அரண்மனை தன் பெட்டகத்துக்குள் எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும், அதை எவ்வளவு பக்தியோடு பார்த்திருந்தாலும்.

தூரிகை

படங்களிலிருந்தே இதற்கு ஓரளவு விடை தேடலாம். மியான் மீர், முல்லா ஷா இருவரின் படங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட சேகரிப்புகளில் இருக்கின்றன. பெயரைப் பாராமலே இவர் மியான் மீர், இவர் முல்லா ஷா என்று கண்டுகொள்ளும் அளவுக்கு அந்த முகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. நீங்கள் சொன்ன 18-ஆம் நூற்றாண்டுச் சபைப் படங்களில் இந்த ஒற்றுமை இல்லை. இப்படி ஒத்துப்போக வேண்டுமானால், யாரோ ஓர் ஓவியர் இவர்கள் இருந்த இடத்துக்குப் போய், பக்கத்தில் அமர்ந்து, பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஷைகின் அவையில் தூரிகையோடு ஒருவர் அமர்ந்திருப்பதை ஷைகு அறியாமல் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. விரும்பி இசைந்தாரா, பொறுத்துக்கொண்டாரா என்பது வேறு. துரத்தவில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம்.

தாராவின் அரசியல் நலன் பற்றியும் ஒரு வார்த்தை. 1659-இல் தாரா கொல்லப்பட்ட பிறகு முல்லா ஷாவுடன் இருந்த உறவைக் காட்டுவதில் யாருக்கும் நலன் இல்லை, தீங்குதான் உண்டு. முல்லா ஷாவே ஔரங்கசீப்பின் ஐயத்துக்கு ஆளாகிக் காஷ்மீரை விட்டு லாகூருக்கு வந்து 1661-இல் மறைந்தார். அதன் பிறகும் இவ்விருவரின் முகங்களை ஓவியர்கள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சிவப்புக்கோடு

தூரிகை சொன்ன முக ஒற்றுமைக்குத் தொழில்முறை விளக்கம் ஒன்று உண்டு. அதுவே நிலவனின் கேள்வியையும் கொஞ்சம் மாற்றி அமைக்கும் என்று நினைக்கிறேன். பட்டறைகளில் சர்பா எனப்படும் படியெடுப்புத் தோல் இருந்தது. ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கிய மான்தோலைப் படத்தின்மேல் வைத்துக் கோட்டை எடுத்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைப் பொட்டலமாகக் கட்டித் தட்டினால் கீழே உள்ள தாளில் கோடு புள்ளிகளாக இறங்கும். நேரில் பார்த்து எழுதிய ஒரே ஒரு முகம் இருந்தால் போதும், அந்தத் துளைத்தோல் தந்தையிடமிருந்து மகனுக்கும், ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கும் போகும். ஔரங்கசீப் காலத்தில் அரசவை ஆதரவு குறைந்து ஓவியர்கள் வேறு ஊர்களுக்குப் பிரிந்தபோது இந்தத் தோல்களையும்தான் எடுத்துப்போனார்கள்.

ஆகவே அரண்மனைப் பெட்டகம் முகத்தை எடுத்துக்கொண்டது என்பது பாதி உண்மைதான். முதல் தாள் பெட்டகத்துக்குள் போயிருக்கலாம். கோடு வெளியே போய்விட்டது.

நிலவன்

அந்தப் பிற்காலப் படிகளில் முகத்தைவிட உடையும் விரிப்பும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை யாராவது வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினால் என் ஐயம் பெருமளவு தீரும். அரசருக்காக மட்டும் எழுந்த முகமாக இருந்தால், அரசர் விலகியதும் முகத்தின் கூர்மையும் தளர்ந்திருக்க வேண்டும். அப்படித் தளராமல் இருந்தால் மாடத்துவாசி சொன்ன முரீதின் பக்கம் வழக்கு சாய்கிறது. மியான் மீரின் படங்களிலிருந்து நான் தொடங்குகிறேன். முல்லா ஷாவின் படங்களைச் சிவப்புக்கோடு எடுத்துக்கொள்வாரா?

சிவப்புக்கோடு

எடுத்துக்கொள்கிறேன். தாடியின் எல்லையிலிருந்து தொடங்குவேன், படியெடுப்பவர்கள் முதலில் கைவிடுவது அந்த இடத்தைத்தான்.